மீன்தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலர்: ரிலே எல்லாம் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

மீன்தொட்டிக்குச் சொந்தமாக ஒரு கன்ட்ரோலர் செய்யலாம் என்று உட்கார்ந்தால் எந்த போர்டு, எத்தனை ரிலே (மின்சாரம் கொடுத்தால் இழுத்து, நிறுத்தினால் விட்டுவிடும் சுவிட்ச்), வெப்பநிலை போனில் தெரியுமா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் தாளில் முதலில் எழுதி வைத்த கேள்வி வேறு. இந்தப் பெட்டி நடுராத்திரியில் செத்துப் போனால் தொட்டி எந்த நிலையில் நிற்க வேண்டும்? ஹீட்டர் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? ஃபில்டர்? விளக்கு? செடிகளுக்கு வாயு விடும் கார்பன் டை ஆக்சைடு வால்வு? ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதிய பிறகு, வாங்க நினைத்திருந்த பாகங்களில் பாதி தேவையில்லை என்று ஆகிவிட்டது.

நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: கன்ட்ரோலர் போய்விட்டால், அது வருவதற்கு முன்னால் தொட்டி எப்படி ஓடியதோ அப்படியே ஓட வேண்டும். அதாவது எல்லா ரிலேயும் கை விட்ட நிலையும் கன்ட்ரோலரே இல்லாத சாதாரணத் தொட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். புரோகிராம் கோடில் எந்தச் சந்தேகம் வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், எல்லாவற்றையும் விட்டுவிடுவது. சென்சார் உளறுகிறதா, விடு. புரோகிராம் தொங்குகிறதா, ரீசெட் ஆகும்போது தானாகவே விட்டுவிடும். அடாப்டர் எரிந்துவிட்டதா, அப்போதும் அதே நிலைதான்.

தொட்டி 80 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். மூடி கிடையாது, செடிகள் உள்ள நன்னீர்த் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 128 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, அடிமணல், கற்கள் எல்லாம் போக 110 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். கன்ட்ரோலர் பார்க்க வேண்டியவை ஐந்து: ஹீட்டர், ஃபில்டர், விளக்கு, கார்பன் டை ஆக்சைடு வால்வு, ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்டும் சின்ன பம்ப்.

மூளை ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. ஏடிமெகா328பி சிப், 5 வோல்ட், வைஃபை கிடையாது. வைஃபையோடு வரும் இஎஸ்பி32 இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இஎஸ்பி32 நல்ல போர்டுதான். ஆனால் அது 3.3 வோல்ட்டில் ஓடுவது. சாதாரணமாகக் கிடைக்கும் ரிலே போர்டுகள் 5 வோல்ட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. சில போர்டுகள் 3.3 வோல்ட்டில் இழுக்கும், சில அரைமனதாக இழுக்கும். அதைவிடப் பெரிய காரணம், வைஃபை விட்டுப்போய்த் திரும்ப இணைய முயலும் இடத்தில்தான் பொழுதுபோக்குப் புரோகிராம்கள் அதிகம் தொங்குகின்றன. மீனின் உயிரை அந்த வரிகளோடு ஒரே சிப்பில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் இரண்டு போர்டு. கட்டுப்பாடு முழுக்க நானோ. பக்கத்தில் ஒரு இஎஸ்பி32, நானோ சீரியலில் அனுப்புகிற வரிகளைக் கேட்டு, வரைபடமாக்கிக் காட்ட மட்டும். நானோவின் அனுப்பும் பின்னிலிருந்து ஒரே ஒரு சிக்னல் ஒயர், கூடவே கிரவுண்ட். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டு 5 வோல்ட்டை 3.3க்கு இறக்கியிருக்கிறேன். திரும்பி வருகிற ஒயர் கிடையாது. போனிலிருந்து ஹீட்டரைப் போட முடியாது. முடியவே கூடாது என்பதுதான் நோக்கம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ரீஃப்-பை என்ற திறந்த மூலத் திட்டம் ஒன்று இருக்கிறது, இணையப் பக்கம் உட்பட எல்லாம் தயாராக வரும். கடல்நீர்த் தொட்டியும் பெரிய அமைப்பும் உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கும். எனக்கு இந்த அளவு போதும்.

ஹீட்டரும் ஃபில்டரும்

ரிலேயில் மூன்று முனைகள்: பொது முனை, என்ஓ, என்சி. ரிலே இழுக்காதபோது பொது முனை என்சியோடு சேர்ந்திருக்கும். இழுத்தால் என்ஓவுக்கு மாறும். ஃபில்டரை என்சியில் போட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஃபில்டரில் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நைட்ரிஃபையிங் பாக்டீரியாவுக்கு ஓடுகிற தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். சில மணி நேரம் நின்றாலே அது பாதிக்கப்பட ஆரம்பிக்கும். ஆகவே கன்ட்ரோலர் செத்தால் ஃபில்டர் ஓட வேண்டும். கன்ட்ரோலருக்கு ஃபில்டரோடு இருக்கிற ஒரே வேலை, தீனி போடும்போது பட்டனை அழுத்தினால் 10 நிமிடம் நிறுத்துவதுதான். அந்த 10 நிமிடம் முடிந்ததும் தானாக ஓட வேண்டும். மறுபடி பட்டனை அழுத்தித்தான் ஓட வைக்க வேண்டும் என்று எழுதினால் ஒருநாள் யாராவது மறப்பார்கள்.

ஹீட்டரில்தான் வாக்குவாதம். என்ஓவில் போடு, கன்ட்ரோலர் செத்தால் ஹீட்டர் நின்றுவிடும், மீன் வேகாது என்பது வழக்கமான அறிவுரை. நான் என்சியில் போட்டேன். காரணம், ஹீட்டருக்குள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. கன்ட்ரோலர் 25 டிகிரியில் வைத்திருக்கும். ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 26.5இல் திருகி வைத்திருக்கிறேன். கன்ட்ரோலர் இழுத்தால் ஹீட்டர் துண்டிக்கப்படும். கன்ட்ரோலர் செத்தால் ரிலே விட்டுவிடும், ஹீட்டர் தன் தெர்மோஸ்டாட்டின்படி 26.5இல் போய் நிற்கும். மீனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. என்ஓவில் போட்டிருந்தால் தண்ணீர் அறையின் குளிருக்கு இறங்கியிருக்கும்.

சரி, ரிலேயின் முனைகள் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொண்டால்? அது ரிலேக்களுக்கு வருகிற வழக்கமான சாவு. அப்போது கன்ட்ரோலரால் ஹீட்டரை நிறுத்த முடியாது, ஆனால் தெர்மோஸ்டாட் 26.5இல் பிடித்துவிடும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் 25இல் வெட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் ஆபத்து. அதற்கும் ஒரு தடுப்பு இருக்கிறது: ஹீட்டரின் வாட்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். 110 லிட்டருக்கு 4,60,000 ஜூல். 100 வாட் ஹீட்டர் நொடிக்கு 100 ஜூல்தான் தரும். ஆக, வெளியே எதுவும் இழக்கவில்லை என்று வைத்தாலும் ஒரு டிகிரி ஏற 77 நிமிடம் ஆகும். இதே தொட்டியில் 300 வாட் ஹீட்டர் மாட்டியிருந்தால் 26 நிமிடம். பெரிய ஹீட்டர் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தேவைக்குப் போதுமான மிகச் சிறிய ஹீட்டர்தான் தவறு நடக்கும்போது நேரம் கொடுக்கும். 27.5ஐத் தாண்டினால் பஸர் அலறும். அதற்கப்புறம் ஓடி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

அந்த 77 நிமிடம் இன்னொன்றையும் சொல்கிறது. தண்ணீர் இவ்வளவு மந்தமாக மாறும்போது பிஐடி (விலகலைக் கணக்கிட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் முறை) கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. 25.1ஐத் தாண்டினால் துண்டி, 24.9க்குக் கீழே போனால் விடு, அவ்வளவுதான். 0.2 டிகிரி இடைவெளி இருப்பதால் ரிலே அடிக்கடி டிக் டிக் என்று அடிப்பதில்லை.

ஹீட்டரின் டயலில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. ஒரு டிகிரி, சில சமயம் அதற்கு மேலும் தள்ளி நிற்கும். கன்ட்ரோலரை மாட்டாமல் ஹீட்டரை மட்டும் விட்டு, தண்ணீர் எங்கே போய் நிலைக்கிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்து, 26.5 வருகிற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன்.

வெப்பநிலை சென்சார்

டிஎஸ்18பி20. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆகவே சுருக்கமாக: மூன்று ஒயர், டேட்டா ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரே பின்னில் பல சென்சார். திரையில் 0.0625 டிகிரி வரை காட்டும், ஆனால் உற்பத்தியாளர் உத்தரவாதம் தருவது கூடுதல் குறைவு 0.5 டிகிரிதான். நொறுக்கிய ஐஸில் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கூழாக்கி, சென்சாரை அதில் புதைத்து, எண் நிலைக்கும் வரை காத்திருந்தால் அது 0 டிகிரி. எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கோடில் கழித்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒயர் அறுந்தால் வழக்கமான லைப்ரரி மைனஸ் 127 என்று தரும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்து, சென்சார் இன்னும் அளக்காமல் இருந்தால் 85 என்று தரும். அது அந்தச் சிப் விழித்தெழும்போது வைத்திருக்கும் தொடக்க எண். பலரும் எழுதும் எளிய கோடில் மைனஸ் 127 என்பது பயங்கரக் குளிர் என்று பொருள்படும், ஹீட்டர் நிற்காமல் ஓடும். 85 என்பது பயங்கரச் சூடு, ஹீட்டர் நின்றுவிடும். என் கோடில் 10க்குக் கீழேயோ 40க்கு மேலேயோ எது வந்தாலும் அது வெப்பநிலையே இல்லை. இரண்டு சென்சார் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டாலும் அளவீடு செல்லாது. செல்லாத அளவீடு தொடர்ந்து ஒரு நிமிடம் வந்தால் ஹீட்டர் ரிலேயை விட்டுவிட்டு பஸரை அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும் என்பதால் இந்த முடிவை எழுதக் கை தயங்கவில்லை. என்ஓவில் போட்டிருந்தால் இந்த இடத்தில் நிறைய யோசித்திருக்க வேண்டும்.

நீர்புகாதது என்று விற்கப்படும் ஸ்டீல் உறை சென்சார்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சுருங்கும் குழாய்தான் காப்பு. மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் அந்த வழியாக ஈரம் ஏறும். கடல்நீரில் உறையே துருப்பிடிக்கும். ஆய்வகத்தில் பயன்படுத்துகிற கண்ணாடிச் சோதனைக் குழாயை எடுத்து, அடியில் கொஞ்சம் ஹீட்சிங்க் பேஸ்ட் வைத்து, அதற்குள் சென்சாரை இறக்கி, குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மாட்டிவிட்டேன். தண்ணீரைத் தொடுவது கண்ணாடி மட்டும். சென்சார் தண்ணீரைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் காட்டும். ஒரு டிகிரி ஏற 77 நிமிடம் ஆகிற தொட்டியில் அது ஒரு பொருட்டே இல்லை.

விளக்கு

24 வோல்ட் எல்இடி. ரிலே வைக்கவில்லை. எல்இடி பவர் சப்ளைகளின் உள்ளே பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். போட்ட கணத்தில் அது பெருமின்னோட்டத்தை உறிஞ்சும், சின்ன ரிலேயின் முனைகளை ஒட்ட வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பவர் சப்ளை எப்போதும் ஓடட்டும் என்று விட்டு, 24 வோல்ட் பக்கத்தில் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்) ஒன்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறேன். இதன் கேட்டுக்கு, அதாவது கட்டளை வாங்கும் முனைக்கு, 5 வோல்ட் தந்தாலே நன்றாகத் திறக்கும் என்று நம்பலாம். ஐஆர்எஃப்520 போட்ட ரெடிமேட் போர்டுகள் கிடைக்கும். அந்த மாஸ்ஃபெட்டுக்குக் கேட்டில் 10 வோல்ட் வேண்டும், 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடேறும்.

காலையில் அரை மணி நேரம் மெல்ல ஏறுவது, மாலையில் மெல்ல இறங்குவது. இருட்டிலிருந்து திடீரென்று முழு வெளிச்சம் வந்தால் மீன்கள் சிதறி ஓடும், சில கண்ணாடியில் மோதும். ஆனால் நானோவின் வழக்கமான பிடபிள்யூஎம் (வேகமாகப் போட்டு அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் முறை) 0 முதல் 255 வரைதான். நம் கண் மங்கிய வெளிச்சத்தில் சின்ன மாற்றத்தையும் பிடித்துவிடும். 1இலிருந்து 2க்குப் போவது படிக்கட்டில் ஏறுவதுபோலத் தெரியும். 9, 10 ஆகிய பின்களை ஓட்டும் டைமர் 16 பிட். அதை நேரடியாக அமைத்து, ஒரு கிலோஹெர்ட்ஸில் 16,000 படிகள் எடுத்துக்கொண்டேன். அதன் மேல், கண்ணுக்கு ஏற்றம் சீராகத் தெரிய, 2.2 அடுக்கு வளைவு ஒன்று போட்டதும் விடியல் நிஜமாகவே வழவழப்பாக வந்தது. இந்தப் பகுதி அவசியமே இல்லாத ஆடம்பரம் என்று தெரியும். இருந்தாலும் இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சிப். ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் தள்ளும். நீல நிறத்தில் வரும் பொதுவான போர்டில் பேட்டரியை சார்ஜ் செய்யும் சர்க்யூட் ஒன்று இருக்கிறது. சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 பட்டன் பேட்டரி போடுவதாக இருந்தால் அந்தப் பாதையில் உள்ள சின்ன ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டேன்.

கார்பன் டை ஆக்சைடு, பிஎச் பற்றி

கார்பன் டை ஆக்சைடு கரையக் கரையத் தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) இறங்கும் என்பதால், செடித் தொட்டிக்கு பிஎச் புரோப் வைத்து, பிஎச் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும் வரை வால்வைத் திறந்து வைக்கிற முறை பரவலாக இருக்கிறது. பார்க்க அழகான முறை. நான் அதைச் செய்யவில்லை. புரோபின் கண்ணாடி மின்முனை ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் அளவுக்குத்தான் தரும். அதன் உள்தடையோ நூற்றுக்கணக்கான மெகா ஓம். பக்கத்தில் ஒரு பம்ப் ஓடினாலே எண் ஆடும். தண்ணீர் வழியாகவே வேறு கருவிகளின் கசிவு மின்னோட்டம் வந்து அளவீட்டைத் தள்ளும். மின்தனிமைப்படுத்தல் இல்லாத போர்டில் இது தீராத தலைவலி. இதையெல்லாம் சமாளித்தாலும் புரோப் வயதாகும், 7க்கும் 4க்கும் உரிய பஃபர் கரைசல்களில் திரும்பத் திரும்ப அளவு திருத்த வேண்டும். திருத்தாமல் விட்ட புரோப் உண்மையைவிட அதிக பிஎச் காட்டினால் வால்வு மூடவே மூடாது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரே ஒரு சென்சாரின் நேர்மையில் மொத்தத் தொட்டியும் தொங்குகிற அமைப்பு எனக்கு வேண்டாம்.

ஆகவே நேரம் மட்டும். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வால்வு திறக்கும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடும். எவ்வளவு வாயு என்பதை ஊசி வால்வால் கையால் அமைத்துக்கொள்வது. தொட்டிக்குள் டிராப் செக்கர் ஒன்று, வாயுவின் அளவுக்கேற்ப நிறம் மாறும் சின்னக் குமிழ், தொங்குகிறது. 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை உள்ள நீரில் புரோமோதைமால் ப்ளூ என்ற நிறங்காட்டி கலந்தது. நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் அதிகம், பச்சை என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பேட்டரியும் வேண்டாம், புரோகிராமும் வேண்டாம்.

வால்வு 12 வோல்ட் டிசி சோலனாய்டு, அதாவது மின்சுருள் இழுத்துத் திறப்பது. மின்சாரம் இல்லையென்றால் மூடிவிடும் வகை. அதையும் ஒரு மாஸ்ஃபெட் ஓட்டுகிறது. சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு. அது இல்லாவிட்டால் வால்வை அணைக்கிற ஒவ்வொரு முறையும் சுருள் எதிர்த்திசையில் தள்ளும் உயர் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும்.

தண்ணீர் நிரப்பும் பம்ப்

இந்தப் பெட்டியில் வீட்டுத் தரையை நனைக்கக் கூடிய ஒரே பாகம் இது. அதனால் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன்.

முதலில் அளவு. தொட்டியின் மேற்பரப்பு 80 பெருக்கல் 40, அதாவது 3,200 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 3.2 லிட்டர். நீர்மட்டத்தை விளிம்புக்கு 2.5 சென்டிமீட்டர் கீழே வைத்திருக்கிறேன். அதில் 8 லிட்டர் கொள்ளும். எனவே நிரப்புவதற்கான தண்ணீர் கேன் 5 லிட்டர். எல்லாம் கெட்டுப்போய், பம்ப் நிற்காமல் ஓடி, கேன் முழுக்கக் காலியானாலும் தொட்டி ஒன்றரை சென்டிமீட்டர்தான் உயரும். வழியாது. வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்று 20 லிட்டர் டிரம் வைக்கிறவர்கள், குழாயில் நேரடியாக இணைப்பவர்கள் உண்டு. அங்கே மீதி எல்லாப் பாதுகாப்பும் நூற்றுக்கு நூறு வேலை செய்தாக வேண்டும். இங்கே எதுவும் வேலை செய்யாவிட்டாலும் தரை காய்ந்தே இருக்கும்.

அப்புறம் மிதவை சுவிட்ச் இரண்டு. தண்டின் உள்ளே, காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்ச், மேலும் கீழும் நகரும் மிதவையில் காந்தம். மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் மிதக்கும்போது மூடுவது, தொங்கும்போது மூடுவது என்று மாற்றிக்கொள்ளலாம். கீழ்ச் சுவிட்ச் நீர் குறைந்தால் மூடும்படி வைத்தேன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: ஒயர் அறுந்தால் சுற்று திறந்திருக்கும், அது நீர் போதும் என்று பொருள்படும், பம்ப் ஓடாது. எதிர்த்திசையில் மாட்டியிருந்தால் அறுந்த ஒயர் வறண்ட தொட்டியாகத் தெரிந்திருக்கும்.

மேல்ச் சுவிட்ச் நானோவுக்குப் போகவே இல்லை. பம்பை ஓட்டும் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குச் செல்லும் ஒயரில் அது தொடராக உட்கார்ந்திருக்கிறது. நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் அது திறக்கும். கேட்டில் உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேட்டைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும், பம்ப் நிற்கும். நானோ என்ன கத்தினாலும் கேட்காது. பம்பின் மின்னோட்டமே சுவிட்ச் வழியாகப் போகும்படி மாட்டலாம், ஆனால் இந்தச் சின்ன ரீட் சுவிட்ச்கள் மோட்டார் மின்னோட்டத்தை அணைக்கும்போது ஒட்டிக்கொள்ளும். கேட் ஒயரில் ஓடுவது ஒன்றுமே இல்லை.

புரோகிராம் பக்கத்தில் மூன்று கட்டுப்பாடு. கீழ்ச் சுவிட்ச் தொடர்ந்து 20 நொடி மூடியிருந்தால்தான் நீர் குறைந்ததாக எடுத்துக்கொள்வது. அலைக்கு மிதவை ஆடும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நொடி. வழக்கமாக ஒரு லிட்டருக்குள்ளாகவே நிரம்பிவிடும், என் பம்புக்கு அது 40 நொடி வேலை. 90 நொடியில் சுவிட்ச் திறக்கவில்லை என்றால் பம்பைப் பூட்டிவிட்டு பஸர்; யாராவது வந்து பட்டனை அழுத்தினால்தான் மறுபடி. ஒருமுறை ஓடினால் ஆறு மணி நேரத்துக்கு ஓய்வு.

90 நொடிப் பூட்டு எதற்கு என்றால், நத்தை. செடித் தொட்டியில் நத்தை இல்லாமல் இருக்காது. அது மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்தால் மிதவை கீழே போகும், கன்ட்ரோலருக்கு நீர் குறைந்ததாகத் தோன்றும். இரண்டு சுவிட்சையும் சுற்றி நைலான் வலையில் ஒரு கூண்டு செய்து போட்டிருக்கிறேன். பம்பின் குழாய் முனை நீர்மட்டத்துக்கு மேலே, தண்ணீரைத் தொடாமல். முனை மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கேனுக்குப் பின்னோக்கி இறங்கிவிடும்.

பெட்டியும் மின்சாரமும்

230 வோல்ட் பக்கம் இப்போது ஃபில்டர், ஹீட்டர் என்று இரண்டே ரிலே. மற்ற எல்லாம் 24, 12, 5 வோல்ட். இந்த 230 வோல்ட் பகுதியை, ஒயரைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டில் முயலவே கூடாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது. பெட்டிக்குள் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, ஒரு பக்கம் மெயின்ஸ், மறுபக்கம் மீதி எல்லாம். ஃபியூஸ் உண்டு. ஒயர்கள் நுழையுமிடத்தில் கிளாண்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். பெட்டி தொட்டிக்கு அடியில் இல்லை, பக்கச் சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு விழுந்து ஏறும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பு பிரேக்கர். இது இல்லாமல் தொட்டிக்கு அருகே எந்தச் சோதனையும் வேண்டாம்.

ரிலே போர்டு சிக்னல் தாழ்ந்தால் இழுக்கும் வகை. நானோவில் பின்னை வெளியீடாக அறிவித்த கணத்தில் அது தாழ்நிலையில்தான் இருக்கும், ரிலே ஒருமுறை டக் என்று இழுக்கும். முதலில் உயர்நிலையை எழுதிவிட்டு அதற்கப்புறம் வெளியீடாக அறிவித்தால் அந்தச் சத்தமே வராது. வரிசையை மாற்றுவது மட்டும்தான் வேலை.

தொல்லை தந்தது ஃபில்டர் மோட்டார். தீனி பட்டனை அழுத்தி ஃபில்டர் நிற்கிற சமயத்தில் சில தடவை எல்சிடி திரையில் கிறுக்கல் எழுத்துகள் வந்தன. நானோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, திரை மட்டும் குழம்பியது. மோட்டார் சுருளைத் துண்டிக்கும்போது ரிலே முனையில் வரும் தீப்பொறிதான் காரணம். அதன் இரைச்சல் திரைக்குப் போகும் ஒயர்களில் ஏறுகிறது. ரிலே முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டேன், திரை ஒயரை 230 வோல்ட் ஒயரிலிருந்து விலக்கி வேறு வழியில் கொண்டுபோனேன். கிறுக்கல் நின்றுவிட்டது. கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகையாகவே இருக்க வேண்டும். அது மெயின்ஸுக்குக் குறுக்கே நிற்பதற்காகச் செய்யப்பட்டது. ஒன்று ஞாபகம் வேண்டும்: ரிலே திறந்திருந்தாலும் இந்தக் கெப்பாசிட்டர் வழியாக 7 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசியும். மோட்டார் ஓடாது, ஆனால் ஒயர் உயிரோடுதான் இருக்கிறது. தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கையே பிடுங்குவதுதான் சரி.

நானோவின் வாட்ச்டாக் 8 நொடிக்கு அமைத்திருக்கிறேன், அதில் அதுவே உச்சம். லூப் 8 நொடி தொங்கினால் சிப் தானாக ரீசெட் ஆகும். பழைய பூட்லோடர் (சிப் விழித்ததும் முதலில் ஓடும் சின்னப் புரோகிராம்) ஏற்றிய நானோக்களில் வாட்ச்டாக் ரீசெட் ஆனதும் பூட்லோடரிலேயே சிக்கி மறுபடி மறுபடி ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும். ஆப்டிபூட் என்ற வேறு பூட்லோடரை ஏற்றினால் அது தீரும். பெட்டிக்குள் வைப்பதற்கு முன் வேண்டுமென்றே முடிவில்லா லூப் ஒன்றை எழுதி இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. 49.7 நாளில் நானோவின் மில்லிநொடிக் கணக்கு சுழியத்துக்குத் திரும்புவதும் தெரிந்த கதைதான்: இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் ஒன்றும் ஆகாது, கூட்டி ஒப்பிட்டால் ஆகும்.

கெடுத்துப் பார்ப்பது

தொட்டியில் மாட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாகக் கெடுத்தேன். ஹீட்டர் இடத்திலும் ஃபில்டர் இடத்திலும் ஆளுக்கொரு பல்பு. சென்சார் ஒயரைப் பிடுங்கினால் ஒரு நிமிடத்தில் ஹீட்டர் பல்பு எரிந்து பஸர் அடிக்க வேண்டும். ஒரு சென்சாரை மட்டும் கையில் பொத்திச் சூடாக்கினாலும் அதே. 5 வோல்ட் அடாப்டரைப் பிடுங்கினால் இரண்டு பல்பும் எரிய வேண்டும், விளக்கும் வால்வும் பம்பும் அணைய வேண்டும். கீழ் மிதவையை விரலால் அழுத்திப் பிடித்தால் 20 நொடி கழித்து பம்ப் ஓடி, 90 நொடியில் பூட்டிக்கொள்ள வேண்டும். அது ஓடும்போதே மேல் மிதவையைத் தூக்கினால் உடனே நிற்க வேண்டும். கடிகார போர்டைக் கழற்றினால் விளக்கு அணைந்து வால்வு மூட வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் நானோவும் சேர்ந்து தொங்கியது: கடிகாரம் பேசும் ஐ2சி ஒயர் பாதியில் அறுந்தால் அதைக் கையாளும் வயர் (Wire) என்ற லைப்ரரி பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்துவிடும். வாட்ச்டாக் வந்து ரீசெட் செய்தது. லைப்ரரியில் காலக்கெடு வைக்கும் வசதி பிற்பாடு வந்த பதிப்புகளில் இருக்கிறது, அதைப் போட்டதும் ரீசெட்டே தேவைப்படவில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு இஎஸ்பி32 வரையும் படங்களில் வெப்பநிலைக் கோடு சலிப்பூட்டுகிறது, 24.9க்கும் 25.1க்கும் நடுவே ரம்பப் பல் போல ஒரே மாதிரி. நான் தினமும் பார்ப்பது வேறொரு எண்: நிரப்பும் பம்ப் ஒரு நாளில் மொத்தம் எத்தனை நொடி ஓடியது என்பது. அதுதான் ஆவியான தண்ணீரின் அளவு. காற்று வறண்டால் கொஞ்சம் கூடும், ஈரமான நாட்களில் குறையும். படிப்படியாக மாறினால் பருவம் மாறுகிறது. ஒரேயடியாகச் சுழியமானால் கீழ் மிதவை மேலே சிக்கியிருக்கிறது, அல்லது கேன் காலி. ஒரேயடியாக இரட்டிப்பானால் தொட்டியோ ஃபில்டர் குழாயோ எங்கோ ஒழுகுகிறது. இந்த எண் முந்தைய வாரச் சராசரியைவிட ஒன்றரை மடங்கு கூடினால் எச்சரிக்கும்படி நானோவில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உரம் ஊற்றும் பெரிஸ்டால்டிக் பம்ப் அதற்கப்புறம்தான். அதற்கும் முதலில் பார்க்க வேண்டியது, நிற்காமல் ஓடினால் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்ற கணக்கு.